தலைவலி உன்னால் வந்ததில்லை

மண்டி மொஹல்லா, மைசூர்
24.2.1999

அன்பு மகள் அஷ்வினிக்கு அப்பா சுப்பையா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி பிரசாந்தும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பரோடாவில் நீயும் மாப்பிள்ளை ஸுமந்தும் குழந்தை மனிஷாவும் அதைவிட ஒரு படி கூடுதலாகவே நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். உன் பொங்கல் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் போடாதது சோம்பலால் இல்லை. எப்போதும் நான் போடுகிற நாலு வரிக் கார்டில் அடங்குகிற சங்கதியாக இது இல்லை, அதனால் ரூல் போட்ட தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆலையில் முப்பத்தோரு வருஷம் பட்டுத்தறி பார்த்த கண் இது, இப்போது கோட்டின் மேல் எழுத்து நிற்கிறதா என்பதே சரியாகத் தெரியவில்லை, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதுகிற எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான், அம்மாவுக்குத் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பாய். ஒரு தடவைகூட நான் அதற்குப் பதில் எழுதியதில்லை. நீ ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும், நான் ஏன் எழுதவில்லை என்று உனக்கும் தெரியும். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். அம்மாவின் தலைவலி உன்னால் வந்ததில்லை அம்மா. அது கழுத்து எலும்பிலிருந்து வந்த வலி. பெங்களூரில் ஒரு டாக்டர் அதைக் கண்டுபிடித்து, வலியை மேலே கொண்டுபோகிற நரம்பை ஊசி முனையால் சுட்டுவிட்டார். இன்றைக்குப் பதினைந்து நாளாக உன் அம்மா தலையில் துண்டு கட்டவில்லை.

எப்படி என்று கேட்பாய். தொண்ணூற்றொன்றாம் வருஷம் சித்திரையில் நானும் அம்மாவும் மேட்டூருக்கு உன் அத்தை வீட்டுக்குப் போய் வந்தது உனக்கு நினைவிருக்கும். கோயிலுக்குப் போகிறோம் என்று உன்னிடம் பொய் சொன்னேன். அத்தை மகனுக்கு உன்னைப் பேசி முடிக்கத்தான் போனேன். பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்க என்று அம்மா பத்துத் தடவை சொன்னாள், நான் கேட்கவில்லை, அவளையும் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பாலாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏறுகிற வளைவில் ஒரு யானை நடு ரோட்டில் நின்றது. பஸ் டிரைவர் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். அம்மா தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள், கழுத்து முன்னால் போய்ப் பின்னால் வெட்டியது. கொள்ளேகால் வந்து இறங்கியதும் கழுத்து சுளுக்கிக்கிச்சுங்க என்றாள். பஸ்ஸில் யார் உன்னைத் தூங்கச் சொன்னது என்று அதற்கும் நான்தான் திட்டினேன். பத்து நாள் கழித்து நீயும் ஸுமந்தும் ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு ரயில் ஏறிவிட்டீர்கள். அதே வாரம் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிடரியில் தொடங்கி வலது பக்கமாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், இரண்டு நாள் இறங்காது. யானையை எல்லாரும் மறந்துவிட்டோம். பெற்ற மகள் சொல்லாமல் போன ஏக்கம் தலைக்கு ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டு நஞ்சம்மா சொன்னார், தெருவும் சொன்னது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. எனக்கும் அது வசதியாக இருந்தது. என் கோபத்துக்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். நீ போன நாளிலிருந்து உன் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள், அது நீ கொடுத்த வலி, இனி இந்த வாசற்படி மிதிக்காதே என்று எழுதினேன். எழுதி முடித்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து, இந்த வீட்டில் இனி யாரும் அவள் பேரெடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். நம் பக்கத்தில் ஒருவர் மேல் கோபம் என்றால் முதலில் பேரைத்தானே வெட்டுவோம். மனிஷா பிறந்த பிறகு கார்டு எழுத ஆரம்பித்தேன், ஆனாலும் பேர் மட்டும் வாயில் வரவில்லை. பரோடாக்காரங்க கடிதம் வந்திருக்கு என்றுதான் சொல்வேன். உன் தம்பியும் அப்படியே பழகிவிட்டான். நினைத்தால் எனக்கே சிரிப்பாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

இதற்கு நடுவில் அம்மா படாத பாடு இல்லை. இரண்டு தடவை கண்ணாடி மாற்றினோம். மூக்கில் நீர் கோத்திருக்கிறது என்று ஒருவர் ஆவி பிடிக்கச் சொன்னார். ஒற்றைத் தலைவலி என்று ஒருவர் கொடுத்த மாத்திரையில் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தாள். நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைக்கூடப் பிடுங்கிப் பார்த்தாகிவிட்டது, பல் போனதுதான் மிச்சம். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கு வரவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. போன வருஷம் நம் தெருமுனையில் வத்ஸலா என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா புதிதாகக் கிளினிக் வைத்தார். வலி எங்கே தொடங்குகிறது, கையை வைத்துக் காட்டுங்கள் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அம்மா நெற்றியில் கை வைக்கவில்லை, பிடரியில் வைத்தாள். டாக்டரம்மா அங்கே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார், உடனே கண் வரைக்கும் வலிக்குதுங் என்று அம்மா கத்தினாள். எப்போதாவது விழுந்தீர்களா, வண்டியில் அடிபட்டீர்களா என்று கேட்டதும், அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் பாலாறு பஸ்ஸைச் சொன்னாள், யானை எந்தப் பக்கம் நின்றது என்பது வரைக்கும் சொன்னாள்.

அந்த டாக்டரம்மாதான் பெங்களூரில் டாக்டர் நரசிம்மமூர்த்திக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் வெளிநாட்டில் போய் இதற்கென்றே படித்து வந்தவராம், நல்ல பொறுமைசாலி. கழுத்தில் மேலிருந்து இரண்டாவது எலும்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மூட்டு இருக்கிறது, அது அன்றைக்கு வெட்டியதில் கெட்டுப்போயிருக்கலாம், அதன் வலியை ஒரு சின்ன நரம்பு தலைக்குக் கொண்டுபோகிறது என்றார். வாசலில் அழைப்பு மணியின் பொத்தான் அழுத்தியபடியே மாட்டிக்கொண்டால் உள்ளே ஓயாமல் அடிக்கும் இல்லையா, நாம் மணியை உடைக்க வேண்டாம், ஒயரைத் துண்டித்தால் போதும் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நரம்பைச் சுடுவது என்றதும் நஞ்சம்மா இங்கே வந்து, மூளை வெந்துபோயிடும் கணோ, வேண்டாம் என்று தன் கன்னடம் கலந்த தமிழில் சொல்லி என்னிடம் கண்ணீர் விட்டார். உன் அம்மா பயப்படவே இல்லை. சின்ன வயசில் மஞ்சள் காமாலைக்கு எங்கப்பன் கையில சூடு வெச்சாரு, இது கழுத்துல வெக்கறாங்க, அவ்வளவுதானே என்றாள். அந்தத் தழும்பு உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய்.

ஆனால் நேராகச் சுட்டுவிட மாட்டார்களாம். முதலில் அந்த நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகிற மருந்தை ஊசியில் போட்டு, சில மணி நேரத்துக்கு வலி போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் குற்றவாளி அதுதான், போகாவிட்டால் வேறு எங்கேயோ தேட வேண்டும். கார்த்திகை மாதம் ஒரு நாள் முதல் ஊசி போட்டார்கள். அம்மா கையில் ஒரு தாளைக் கொடுத்து, வலி இல்லாவிட்டால் சைபர், தாங்கவே முடியாவிட்டால் பத்து, அரை மணிக்கு ஒரு தடவை எழுதுங்கள், கழுத்தைத் திருப்பி, குனிந்து, நிமிர்ந்து பாருங்கள் என்றார்கள். அம்மா ஆறு, ஆறு, ஆறு என்று வரிசையாக எழுதிக் கொடுத்தாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இந்த நரம்பு இல்லை, இதைச் சுட்டுப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். என் மனசு விட்டுப்போயிற்று. மத்தியான ரயிலில் திரும்பினோம். மத்தூர் தாண்டி வடைக்காரர் எங்களைக் கடந்து போய்விட்டார். உன் அம்மா வலது தோளுக்கு மேல் கழுத்தை மட்டும் திருப்பி அவரைக் கூப்பிட்டாள். எட்டு வருஷமாக அவள் திரும்ப வேண்டுமென்றால் மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி உடம்போடுதான் திரும்புவாள். வடையைத் தின்றுவிட்டு ஜன்னல் வெயிலைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். வலி இல்லையா என்று கேட்டேன், இருக்குதுங் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அந்தத் திருப்பலும் கழுத்தால்தான்.

இரண்டு நாள் கேட்டுக் கேட்டுத் துளைத்ததில், நல்லாயிடுச்சுன்னு வாயால சொன்னா கண்ணு பட்டுடும்னு பயந்துட்டேனுங்க என்றாள். நானும் நம்பிவிட்டேன். நம் வீட்டில் யார்தான் நல்லா இருக்கேன் என்று சொல்லியிருக்கிறோம், யார் கேட்டாலும் ஏதோ இருக்கோம் என்றுதானே சொல்வோம். வத்ஸலாம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவர் தலையில் அடித்துக்கொண்டு உடனே பெங்களூருக்கு ஃபோன் பண்ணினார். மறுபடியும் கூப்பிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு, குழந்தைக்கு வெல்லத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னேன். உள்ளதை உள்ளபடி எழுது செல்லக்கண்ணு, இந்த வலி போனால் இரண்டு நாள் ரயிலில் உட்கார உனக்குத் தெம்பு வரும், பரோடாவுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அன்றைக்குத் தாளில் சைபர் சைபராக எழுதினாள், இரண்டு மணி நேரம் கழித்து நாலு, அப்புறம் ஆறு. இன்னொரு நாள் வேறு மருந்து, எது என்று எங்களுக்குச் சொல்லாமலே போட்டார்கள், அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் சைபர். டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலில் போட்டது சீக்கிரம் தெளிகிற மருந்து, அடுத்தது நின்று வேலை செய்கிற மருந்து, அம்மா எழுதிய நேரம் இரண்டோடும் பொருந்துகிறது, இனிச் சந்தேகம் இல்லை என்றார். எங்கள் தெருவில் இதை மனக்கவலை என்று சொன்னார்களே டாக்டர் என்று கேட்டேன். மனக்கவலை என்றால் மருந்து தெளிகிற மணி பார்த்தா திரும்பி வரும் என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை அம்மா. உனக்கு நான் எழுதிய வரி ஒவ்வொன்றும் அந்த அறையில் எனக்கு முன்னால் வந்து நின்றது.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி சுட்டார்கள். குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை நரம்போரம் கொண்டுபோய், முனையை மட்டும் சூடாக்குவார்களாம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, நான் வெளியே பெஞ்சில் தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே நடந்து வெளியே வந்தாள். முதல் இரண்டு வாரம் பிடரி வெயிலில் காய்ந்த மாதிரி எரிந்தது, அவள் முனகும்போதெல்லாம் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று வத்ஸலாம்மாவிடம் ஓடினேன். அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்து கோலம் போட்டுவிட்டு வந்து, வலியைக் காணோமுங்க என்றாள், ஏதோ சாவியைக் காணோம் என்கிற மாதிரி. காதுக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது, சீப்பு பட்டால் அடுத்தவள் தலையைச் சீவுகிற மாதிரி இருக்குது என்று அவளே சிரிக்கிறாள். ஒன்றை மட்டும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நரம்பு மறுபடி வளரும், ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ, வலி திரும்ப வரலாம், வந்தால் திரும்பச் சுடலாம் என்றார். சரி, அதுவரைக்கும் கிடைத்தது லாபம்.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். போன வாரம் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலைவலி உன்னால் இல்லை என்று பரோடாவுக்கு எழுதப் போகிறேன் என்றேன். அவளாலன்னு அவகிட்ட யாருங்க சொன்னது என்று கேட்டாள். அவளுக்குக் கன்னடம்தானே படிக்கத் தெரியும், தொண்ணூற்றொன்றில் நான் தமிழில் உனக்கு என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் புள்ளை எட்டு வருஷமா இதைச் சுமந்துட்டுத்தானுங்களா இருந்துச்சு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் வைத்தாள். மூன்றாம் நாள் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அது பஸ்ஸுல வந்த வலின்னு எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. தலை வலிக்குதுன்னு நான் படுத்தா நீங்க வந்து நின்னு, எல்லாம் அந்த அஷ்வினி பண்ணின வேலைன்னு திட்டுவீங்க. இந்த ஊட்டுல அவ பேரு கேக்கறது அப்ப மட்டுந்தானுங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட்டதும் பொட்டுன்னு வலி போயிருச்சு. இதுவும் போயிட்டா அப்பறம் அவ பேரைச் சொல்ல என்னங்க இருக்குதுன்னு நினைச்சேன், ஆறுன்னு எழுதிட்டேன். கண்ணு படும்னு சொன்னது சும்மாங்க. அந்தப் பேச்சு இந்த ஊட்டைத் தாண்டி அவகிட்டப் போயிருக்கும்னு எனக்குத் தெரியலையே. இதுதான் அவள் சொன்னது. நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி உள்ளே வர எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

தறியில் ஒரு இழை அறுந்தால் உடனே நிறுத்தி முடிச்சுப் போடு, விட்டால் கஜக்கணக்கில் போய்விடும் என்று எத்தனை பேருக்கு நான் வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என் வீட்டில் எட்டு வருஷம் விட்டேன். என்னை மன்னித்துவிடு அஷ்வினி. நீ எங்களுக்கு வலி எதுவும் கொடுக்கவில்லை. யார் மேலாவது பழி போட வேண்டுமென்றால், உன்னைக் கேட்காமல் உனக்கு மாப்பிள்ளை பேசப் போய், வரமாட்டேன் என்றவளை அந்த பஸ்ஸில் ஏற்றினேனே, என் மேல் போடு, மிச்சம் இருந்தால் யானை மேல் போடு.

அம்மா நேற்றே பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள். மனிஷாவுக்குச் சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் சேர்த்துக் கலந்த எள்ளு பெல்லாவில் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறாள், நஞ்சம்மா தன் பங்குக்குச் சர்க்கரை அச்சு கொடுத்திருக்கிறார். பிரசாந்துக்கு லீவு கிடைக்குமாம், அவன் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புவான். மாப்பிள்ளையிடம் நான் நேரில் பேச வேண்டியது இருக்கிறது, கடிதத்தில் சொன்னால் போதாது. குழந்தைக்குச் சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டு, குனிந்தே உட்கார்ந்து படிக்க விடாதே, நீயும் வேலை வேலை என்று கழுத்தை ஒரே பக்கம் சாய்த்து உட்காராதே. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு நிறைந்து இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. தினமும் எடுத்தாச்சா எடுத்தாச்சா என்று அம்மா கேட்கிறாள், நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். என் வாசற்படியை மிதிக்காதே என்று உன்னிடம் சொன்னவன் நான், உன் வாசற்படியை மிதிக்க உன்னைக் கேட்காமல் வர எனக்கு உரிமை இல்லை. நாங்கள் வரலாமா அம்மா? ஒரு கார்டில் ஒரு வார்த்தை எழுதினால் போதும். அதையும் கன்னடத்தில் எழுது, இந்தத் தடவை உன் அம்மாவே படிக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா
சுப்பையா